வயிற்றுக்குள் போன கொசுவலை: துணியை உடல் எப்படிப் பார்க்கிறது?

திருப்பூரில் எந்த நிட்டிங் யூனிட்டுக்குள் நுழைந்தாலும் மேஜை ஓரத்தில் வட்டமான ஒரு கட்டர் இருக்கும். துணி மேல் வைத்து அழுத்தித் திருப்பினால் 100 சதுர சென்டிமீட்டர் அளவில் ஒரு வட்டத் துண்டு கழன்று வரும். அதைச் சின்னத் தராசில் போடுகிறார்கள். 1.8 கிராம் காட்டினால் துணி 180 ஜி.எஸ்.எம். டி-ஷர்ட்டுக்குப் பொருத்தமான கனம். அடுத்து, துணியை இறுக்கிப் பிடித்து அடியிலிருந்து அழுத்தம் கொடுத்து, எந்த அழுத்தத்தில் கிழிகிறது என்று பார்க்கிறார்கள். அதற்குப் பெயர் பர்ஸ்டிங் ஸ்ட்ரெங்த். பையர் கேட்கும் ரிப்போர்ட்டில் இந்த இரண்டும் இல்லாவிட்டால் சரக்கு நகராது.

இதே இரண்டு சோதனைகளும் வேறொரு துணிக்கும் நடக்கின்றன. அந்தத் துணியை யாரும் உடுத்துவதில்லை. வயிற்றுச் சுவருக்குள் வைத்துத் தைத்துவிடுகிறார்கள்.

ஹெர்னியா, அதாவது குடலிறக்கம் வந்தவர்கள் வீட்டில் இதைக் கேள்விப்பட்டிருப்பார்கள். ‘மெஷ் வச்சு ஆபரேஷன் பண்ணியிருக்கு’ என்பார்கள். வயிற்றுச் சுவரில் தசை பலவீனமான இடத்தில் குடலோ கொழுப்போ பிதுங்கி வருவதுதான் ஹெர்னியா. பிறவியிலேயே இருக்கும் பலவீனம், விடாத இருமல், மலச்சிக்கல், பாரம் தூக்குவது எல்லாம் அதற்கு வழிவிடும். ஆண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வாழ்நாளில் என்றாவது தொடை இடுக்கில் ஹெர்னியா வருகிறது. உலகம் முழுவதும் ஆண்டுக்கு சுமார் 2 கோடிப் பேருக்கு இந்த அறுவை சிகிச்சை நடக்கிறது. பிதுங்கிய இடத்தை இழுத்துத் தைத்தால் மறுபடி பிரிந்துவிடலாம். அதனால் மேலே ஒரு வலையை ஒட்டுப் போடுகிறார்கள். கிழிந்த இடத்தில் ஒட்டுப் போடுவதைத் திருப்பூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த வலையும் பின்னல் துணிதான். ஆனால் பனியனுக்குப் பின்னும் வட்ட எந்திரத்தில் வருவதில்லை. பனியன் துணியில் ஒரே நூல் சுற்றிச் சுற்றி வந்து கண்ணி போடும். ஒரு கண்ணி அறுந்தால் ஏணி மாதிரி ஓடிவிடும். அறுவை மருத்துவர் வலையை நோயாளியின் உடலுக்கு ஏற்றபடி கத்தரியால் வெட்ட வேண்டியிருக்கிறது. அப்போது ஓரம் பிரியக் கூடாது. அதனால் வார்ப் நிட்டிங் முறையில், நூற்றுக்கணக்கான இழைகள் பக்கவாட்டில் ஒன்றோடொன்று கண்ணி கோத்துப் பின்னப்படுகின்றன. நூல், பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன். அரிசிச் சாக்கும் கட்டுக்கயிறும் செய்யும் அதே பிளாஸ்டிக் இனம்தான். தரம் வேறு, சுத்தம் வேறு.

கரூரில் இருந்து ஒரு வலை

இந்த வார்ப் நிட்டிங் முறையில் பின்னும் இன்னொரு பொருள் நம் ஊரில் எல்லா வீட்டிலும் இருக்கிறது. கொசுவலை. நாட்டில் கொசுவலைக்குப் பெயர் போன ஊர்களில் ஒன்று, திருப்பூரை ஒட்டிய கரூர் மாவட்டத்தின் தலைநகர் கரூர்.

மகாராஷ்டிராவில் டொண்டாய்ச்சா என்ற சிற்றூரில் பணிபுரிந்த அறுவை மருத்துவர் ரவீந்திரநாத் டோங்காவ்ங்கர், 1990களில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார். கம்பெனி மெஷ்ஷின் விலை, அவரிடம் வரும் கூலித் தொழிலாளிக்குக் கட்டுப்படியாகவில்லை. கொசுவலைத் துணியை எடுத்துப் பார்த்தார். பாலித்தீன், பாலிப்ரோப்பிலீன் கலவை. பின்னலும் ஏறக்குறைய அதே. அதைச் சுத்தப்படுத்தி, கிருமி நீக்கி, பயன்படுத்தத் தொடங்கினார். பல ஊர் அறுவை மருத்துவர்களோடு சேர்ந்து 2003-ல் முடிவுகளை இந்திய அறுவை மருத்துவ இதழில் வெளியிட்டார். முகம் சுளித்தவர்களும் உண்டு. கொசுவலையைப் போய் வயிற்றுக்குள் வைப்பதா என்ற கேள்வி நியாயமானதுதான்.

அடுத்து பிரிட்டன் அறுவை மருத்துவர்கள் சிலர் ஆப்பிரிக்க நாடுகளில் இலவச முகாம்களுக்காக ஒரு பாலித்தீன் கொசுவலையை எடுத்து முறையாகச் சோதித்தார்கள். அந்த வலை தயாரானது கரூரில். 2013-ல் வந்த அளவுகளைப் பார்த்தால் பின்னலாடைத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது ஒரு ஃபேப்ரிக் ரிப்போர்ட் போலவே இருக்கும். கனம் சுமார் 54 ஜி.எஸ்.எம்., நூல் சுமார் 152 டெனியர், கண்ணித் துளை ஏறக்குறைய 2 மில்லிமீட்டர், பர்ஸ்டிங் ஸ்ட்ரெங்த் தனியே. விலை உயர்ந்த மெஷ்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அளவுக்கு இருந்தது. 121 டிகிரி நீராவியில் கிருமி நீக்கம் செய்தபோதும் தாக்குப்பிடித்தது.

2016 ஜனவரியில், மருத்துவ உலகில் பெரிதும் மதிக்கப்படும் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் உகாண்டா ஆய்வு வந்தது. ஸ்வீடன், உகாண்டா மருத்துவர்கள் 302 ஆண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்குக் கொசுவலை மெஷ், மீதிப் பேருக்குக் கம்பெனி மெஷ் வைத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்ததில் கொசுவலைக் குழுவில் ஒருவருக்கு மட்டும் ஹெர்னியா திரும்பியிருந்தது. மற்றக் குழுவில் யாருக்கும் இல்லை. வீக்கம், வலி போன்ற சிக்கல்கள் இரண்டு குழுவிலும் சுமார் 30 சதவிகிதம். வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். கம்பெனி மெஷ் நூறு டாலருக்கு மேல். கொசுவலைத் துண்டு ஒரு டாலர் அளவுக்குள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இது மருத்துவமனையில், மருந்து பூசாத வலையைக் கழுவி, வெட்டி, கிருமி நீக்கி, ஆய்வு அனுமதியோடு செய்தது. சந்தையில் வாங்கிய வலையை எடுத்துக்கொண்டு யாரும் டாக்டரிடம் போக வேண்டாம்.

சரி, அந்த 151 உடல்களும் கொசுவலையை ஏன் வெளியே தள்ளவில்லை?

ரோஜா முள்ளும் நட்சத்திர மீனும்

1882-ல் இத்தாலியின் மெஸ்ஸினா நகரில் ரஷ்ய விலங்கியல் அறிஞர் எலீ மெச்னிகோவ் தங்கியிருந்தார். ஒரு நாள் குடும்பத்தார் சர்க்கஸ் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். அவர் மட்டும் நுண்ணோக்கியோடு வீட்டில். நட்சத்திர மீனின் லார்வா கண்ணாடி போல் தெளிவாக இருக்கும்; உள்ளே செல்கள் நகர்வது தெரியும். அவருக்கு ஒரு யோசனை வந்தது. தோட்டத்து ரோஜாச் செடியில் முட்களைப் பறித்து வந்து லார்வாவின் தோலுக்கு அடியில் செருகினார். அன்றிரவு அவருக்குத் தூக்கமே வரவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால், நகரும் செல்கள் முள்ளைச் சுற்றி மொய்த்திருந்தன.

நம் காலில் முள் குத்தி, எடுக்காமல் விட்டால் சுற்றிலும் வீங்கிச் சீழ் கோக்குமே, அதன் தொடக்கம்தான் அவர் பார்த்தது. எதிர்ப்பு சக்தி பற்றிய இந்தப் பணிக்கு 1908-ல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்து கிடைத்தது. உடலுக்குள் வைக்கும் பொருளை எதிர்ப்பு சக்தி எப்படிப் பார்க்கிறது என்று ஆய்வகத்தில் செய்து பார்த்த முதல் சோதனைகளில் ஒன்று என்றும் அதைச் சொல்லலாம். அந்த இம்ப்ளான்ட், ஒரு ரோஜா முள்.

இன்று தெரிந்தது இன்னும் விரிவானது. வலை உடலுக்குள் போன சில நொடிகளிலேயே ரத்தத்திலும் திசுநீரிலும் உள்ள புரதங்கள் இழை மேல் படிந்துவிடுகின்றன. ஆகவே நம் செல்கள் பிளாஸ்டிக்கை நேருக்கு நேர் பார்ப்பதே இல்லை; பார்ப்பது அதன் மேல் போர்த்திய புரதப் போர்வையை. முதலில் வருபவை நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள். ஓரிரு நாளில் மேக்ரோஃபேஜ் வருகிறது. பாடப் புத்தகங்களில் பெருவிழுங்கி என்பார்கள். கிருமியென்றால் விழுங்கிச் செரித்துவிடும். இழையை எப்படி விழுங்குவது? முடியாமல், பல விழுங்கிகள் ஒன்றோடொன்று இணைந்து ஒரே ராட்சத செல்லாகி இழையைக் கட்டிப்பிடித்துக்கொள்கின்றன. அவை அனுப்பும் வேதிச் செய்தியைக் கேட்டு ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்கள் வந்து சுற்றிலும் தழும்புத் திசுவைப் போடுகின்றன. தின்ன முடியாததைச் சுவர் வைத்து மூடுவது. இதில் ‘உடல் ஏற்றுக்கொண்டது’ என்று சொல்வதைவிட, சமாதானமாகிவிட்டது என்பதே பொருந்தும்.

துளையில் இருக்கிறது சூட்சுமம்

இந்த மூடும் வேலை ஒவ்வொரு இழையையும் சுற்றித் தனித்தனியே நடக்கிறது. ஒவ்வோர் இழைக்கும் ஓர் உறை. வலையின் கண்ணித் துளை சிறியதாக இருந்தால் பக்கத்துப் பக்கத்து உறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வலை முழுவதும் ஒரே தழும்புப் பலகையாகிவிடும். பலகை நாளடைவில் சுருங்கும், விறைக்கும். நோயாளி ‘உள்ளே அட்டை வச்ச மாதிரி இருக்கு’ என்று சொல்வது இதனால் இருக்கலாம். ஜெர்மனியின் ஆகன் நகர ஆய்வாளர்கள் எடுத்த முடிவு, பாலிப்ரோப்பிலீன் வலைக்குத் துளை 1 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் உறைகளுக்கு நடுவே நல்ல திசு வளர இடம் கிடைக்கிறது என்பது.

அதுவரை, வலை கனமாக இருந்தால்தான் பலம் என்று 100 ஜி.எஸ்.எம்.மை ஒட்டிய மெஷ்கள் வந்துகொண்டிருந்தன. பிறகு 30 ஜி.எஸ்.எம். அளவுக்கு இறங்கின. அதற்காக இலேசாக இருந்தால் எல்லாம் சரி என்றும் இல்லை. மிக இலேசான வலை சில வகை ஹெர்னியாவில் பிதுங்கிவிடுகிறது. கரூர் வலையின் 2 மில்லிமீட்டர் துளையை யாரும் எதிர்ப்பு சக்தியை நினைத்து வைக்கவில்லை. கொசு புகக் கூடாது, காற்று வர வேண்டும் என்று வைத்தது. அது விழுங்கி செல்களுக்கும் ஒத்துப்போனது தற்செயல். அடுத்த வலையையும் தற்செயலை நம்பிப் பின்ன முடியாதே!

தட்டில் ஓர் உடல்

ஒரு புது வலை மனிதருக்குள் போவதற்கு முன் விலங்குகளுக்குள் போகிறது. ஐ.எஸ்.ஓ. 10993 என்ற தர வரிசை இதற்கான நெறிமுறை. எலி, முயல் போன்றவற்றின் தோலுக்கோ தசைக்கோ அடியில் வைத்து, சில வாரங்கள் முதல் பல மாதங்கள் வரை காத்திருந்து, திசுவை வெட்டிப் பார்க்க வேண்டும். பின்னலில் ஒரு சின்ன மாற்றம் செய்தாலும் இதே காத்திருப்புதான். நிட்டிங்கில் ஒரு நாளில் பத்து சாம்பிள் ஓட்டிவிடலாம். பத்துக்கும் விலங்குச் சோதனை என்றால் பணமும் காலமும் எங்கே போக? உயிர்களும்தான்.

அதனால் ஆய்வகங்கள் ஒரு சிறு தட்டில் இந்த நாடகத்தை நடத்திப் பார்க்கின்றன. வலையிலிருந்து காசளவு வட்டம் வெட்டி, கிருமி நீக்கி, தட்டின் குழிக்குள் வைத்து, செல்களுக்கு உணவான திரவத்தை ஊற்றி, மேக்ரோஃபேஜ்களை விடுகிறார்கள். ஒரு நாள், மூன்று நாள், ஒரு வாரம் கழித்து அந்தத் திரவத்தைச் சோதிக்கிறார்கள். செல்கள் கோபமாக இருந்தால் ஒரு வகைச் சைட்டோகைன் அதிகமிருக்கும், ஆற்றும் மனநிலையில் இருந்தால் வேறு வகை. கொரோனா நாட்களில் ‘சைட்டோகைன் புயல்’ என்று செய்திகளில் வந்ததே, அதே சைட்டோகைன்.

பல ஆய்வகங்கள் இதற்குப் பயன்படுத்தும் செல் வகைக்கு டி.எச்.பி.-1 என்று பெயர். ரத்தப் புற்றுநோய் கண்ட ஒரு வயது ஆண் குழந்தையின் ரத்தத்திலிருந்து ஜப்பானிய விஞ்ஞானிகள் பிரித்தெடுத்து 1980-ல் அறிவித்தது. அந்தச் செல்களின் வழித்தோன்றல்கள் இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன.

எளிதாகத் தெரிகிறது. ஆனால் முதல் சிக்கலே சிரிப்பு மூட்டும்: பாலிப்ரோப்பிலீன் தண்ணீரைவிட இலேசு. வலைத் துண்டு மேலே மிதக்கிறது, செல்கள் அடியில் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டும் சந்திப்பதே இல்லை. மேலே ஒரு வளையம் வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும்.

இரண்டாவது சிக்கல் பின்னலாடைக்காரர்களுக்கு நன்றாகப் புரியும். எண்ணெய்க் கறை. எந்திரத்தின் ஊசிக்கு விடும் எண்ணெயும் நூல் வழுக்கி ஓடப் பூசும் பூச்சும் துணியில் தங்கும். டி-ஷர்ட்டில் அது வாஷிங்கில் போய்விடும். வலையில் துளி மிச்சம் இருந்தாலும் செல்கள் சீறுகின்றன. அப்போது குற்றவாளி பின்னலா, பிளாஸ்டிக்கா, எண்ணெயா என்று தெரியாது.

இதைவிட மோசமானது எண்டோடாக்சின். சில வகைப் பாக்டீரியாவின் மேலுறைத் துண்டு அது. நீராவியில் வைத்தால் பாக்டீரியா சாகும். உறைத் துண்டு அப்படியே இருக்கும். துணி சுத்தமாகக் கிருமியற்றது, ஆனால் மேக்ரோஃபேஜுக்கு அது கிருமிதான். செத்தும் கெடுப்பது. பெரும்பாலும் கழுவும் தண்ணீரிலிருந்து வருகிறது. நொய்யல் வழக்கில் 2011-ல் சாயப் பட்டறைகள் மூடப்பட்டதைப் பார்த்த ஊருக்கு, துணித் தொழிலில் தண்ணீர் எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். மருத்துவத் துணிக்கு அந்தத் தண்ணீர்க் கணக்கு இன்னும் பல மடங்கு கறார்.

எல்லாம் சரியாக இருந்தாலும் தட்டு ஒரு தட்டுதான். அதில் ரத்த ஓட்டம் இல்லை, இருமினால் இறுகும் தசை இல்லை, நரம்பு இல்லை. செல்கள் ஒரு வாரம், இரண்டு வாரம் வாழும். மெஷ் முப்பது வருடம் இருக்கும். அதனால் இப்போது மேக்ரோஃபேஜையும் ஃபைப்ரோபிளாஸ்டையும் சேர்த்து, கொலாஜன் ஜெல்லுக்குள் புதைத்து, இழுத்து விட்டு, சிப் அளவுள்ள கால்வாய்களில் திரவம் ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக உடலை ஒத்த மாதிரிகளைக் கட்டுகிறார்கள். ரத்த தானம் செய்தவர்களின் செல்களையே எடுத்துச் செய்தால் ஆளுக்கு ஆள் பதில் மாறுகிறது. ஆய்வாளர்களுக்குத் தலைவலி. ஆனால் உண்மையும் அதுதானே? ஒரே மெஷ், ஒருவருக்கு நினைவே இல்லை. இன்னொருவருக்கு உட்கார்ந்தால் வலி.

இதைச் சரியாகக் கணிக்காததன் விலையைக் கொடுத்தவர்கள் பெண்கள். ஹெர்னியாவில் நன்றாக வேலை செய்த பாலிப்ரோப்பிலீன் வலையை, கருப்பை இறக்கத்துக்காகப் பிறப்புறுப்பு வழியே வைக்கத் தொடங்கினார்கள். அதே துணி, வேறு இடம். பலருக்கு வலை திசுவை அரித்து வெளியே வந்தது, தீராத வலி. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான வழக்குகளுக்குப் பிறகு, 2019 ஏப்ரலில் இந்தப் பயன்பாட்டுக்கான மெஷ் விற்பனையை நிறுத்தும்படி அந்நாட்டு எஃப்.டி.ஏ. உத்தரவிட்டது. ஓரிடத்தில் உடல் செய்துகொண்ட சமாதானம் இன்னோரிடத்துக்குச் செல்லாது என்று முன்பே கேட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

ஒட்டிக்கொள்ளத்தான் வேண்டும்

எல்லா இம்ப்ளான்ட்டிலும் தழும்பு எதிரி இல்லை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனத்தில் எம்.எஸ்.வலியத்தான் குழு உருவாக்கிய சித்ரா இதய வால்வு, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. உலோகச் சட்டம், உள்ளே திறந்து மூடும் பிளாஸ்டிக் வட்டு, சுற்றிலும் தைப்பதற்கு ஒரு துணி வளையம். அந்த வளையம், பின்னிய பாலியெஸ்டர். தையல் ஊசி நுழைய வேண்டும். பிறகு இதயத் திசு அந்தக் கண்ணிகளுக்குள் வளர்ந்து வால்வைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வட்டில் எதுவும் ஒட்டக் கூடாது, வளையத்தில் ஒட்டியே ஆக வேண்டும். ஒரே பொருளுக்குள் இரண்டு எதிரெதிர் ஆசைகள்.

அதற்கும் முன்பு, 1950களில், அமெரிக்காவின் ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி என்ற அறுவை மருத்துவர், ரத்தக் குழாய்க்கு மாற்றுத் தேடி ஜவுளிக் கடைக்குப் போனார். நைலான் கேட்டார், இல்லை. டேக்ரான் என்ற பாலியெஸ்டர் இருந்தது. வாங்கிவந்து மனைவியின் தையல் எந்திரத்தில் குழாயாகத் தைத்தார். பிறகு ஜவுளித் துறை வல்லுநர்கள் துணையோடு தையலே இல்லாமல் குழாயாகப் பின்னும் எந்திரம் வந்தது. பக்கத் தையல் இல்லாமல் குழாயாக வரும் பனியன் துணியைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

திருப்பூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில், கோவையில் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமான சிட்ரா இருக்கிறது. மருத்துவ ஜவுளிக்கான சிறப்பு மையம் அங்கேதான். 2020-ல் பனியன் ஆர்டர் நின்று, கவச உடைக்கு மாறிய திருப்பூர் யூனிட்டுகள் பலவும் அந்தப் பெயரை மறந்திருக்காது. தைத்த துணிக்குள் செயற்கை ரத்தம் புகுகிறதா என்று சோதித்துச் சான்று கொடுத்த இடம் அது. ரத்தத்தை வெளியே நிறுத்தும் துணி அப்போது வந்துவிட்டது. ரத்தத்துக்கு உள்ளே போகும் துணி அடுத்த படி. அதற்கு நிட்டிங் மாஸ்டரும் செல் உயிரியல் படித்தவரும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும். தொழில் ஊரில் முதலாமவருக்குப் பஞ்சமில்லை. இரண்டாமவருக்கு இந்த வட்டாரக் கல்லூரிகளில் பயோடெக்னாலஜி முடித்துவிட்டு மெர்ச்சண்டைசிங் வேலை தேடும் பிள்ளைகளைத்தான் பார்க்க வேண்டும்.

வீட்டில் யாருக்காவது மெஷ் வைத்திருந்தால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மெஷ் வந்த டப்பாவில் அதன் பெயர், வகை, லாட் எண் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதை டிஸ்சார்ஜ் சம்மரியிலோ கேஸ் ஷீட்டிலோ ஒட்டியிருப்பார்கள். இல்லாவிட்டால் மருத்துவமனையில் கேட்டு வாங்கி போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து வலிக்கிறது என்று வேறு டாக்டரிடம் போனால், அவர் முதலில் கேட்பது உள்ளே இருப்பது எந்த வலை என்பதைத்தான்.